கூண்டுக் கதவில் ஒரு வீட்டுப் பூட்டு

உங்கள் வீட்டில் இருப்பதிலேயே உறுதியான பூட்டை எதற்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள்? பீரோவுக்கா, தெருக்கதவுக்கா, மாடிப்படிக்கு அடியில் நிற்கும் ஸ்கூட்டருக்கா?

சில மாதங்களாகச் சம்பூர்ணம் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தார். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால், ஒரே குழாயை நம்பி வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. விடிவதற்கு முன் கதவைச் சாத்தி, சிவாஜிநகர் நடைபாதையில் வாங்கிய தகரப் பூட்டு ஒன்றைத் தொங்கவிடுவார். அது கொண்டை ஊசிக்கே திறக்கும். திறக்கும் என்று சொன்னதோடு நில்லாமல் எனக்குத் திறந்தும் காட்டினார். நல்ல பூட்டு, உள்ளங்கை அகலப் பித்தளைப் பூட்டு, சோற்று டப்பாவுக்கும் மோர் பாட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து ஓசூர் சாலையில் வேனில் போகும்.

பொங்கலுக்கு முந்தின வாரம், கொண்டை ஊசி வைத்திருந்த யாரோ ஒருவர் வீட்டைத் திறந்து காஸ் சிலிண்டரையும் குக்கரையும் எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் குழாயடியில் கூடித் திட்டினார்கள்.

"மூள கீதா ஒனுக்கு? நல்ல பூட்ட எடுத்துகினு போயி எவனாச்சும் பேக்டரியில மாட்டுவானா?"

"சிலிண்டர் போனா இன்னொண்ணு வரும். நான் போனா நீங்க வந்து எனுக்கு சோறாக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, சம்பூர்ணம் வரிசையில் தன் குடத்தை இரண்டு இடம் முன்னால் நகர்த்தி வைத்தார். சண்டை அதன்பின் குடத்தைப் பற்றியதாக மாறியது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

வயதைக் கேட்டால் நாற்பது என்பார். மகள் மகாவுக்குக் கல்யாணமாகி ஓசூரில் பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் கூடவே இருக்கும். கணவர் இல்லை. ஊர் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். குரல் பெரிது. அதிகாரிகளிடம் கன்னடத்தில் பேசுவார்; கணக்குப் போடுவதும் வைவதும் தமிழில். தேங்காய் எண்ணெய் கடன் கேட்டால் கொடுக்கமாட்டார். கேட்டவரின் தலையில் தானே ஒரு சொட்டுத் தேய்த்து அனுப்புவார்.

அவர் வேலை செய்யும் இடம், அத்திபெலேயிலிருந்து ஆனேக்கல் போகும் வழியில் இருக்கிற ஒரு கார்த் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் இந்த இதழின் ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதுவதிலேயே ஒரு வருடம் போய்விடும்.

சனிக்கிழமைகளில் அனுமதி வாங்கி வருகிறவர்கள் நின்று பார்க்க அங்கே ஒரு கண்ணாடி மாடம் இருக்கிறது. கீழே கம்பிக் கூண்டுக்குள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான மஞ்சள் இயந்திரக் கைகள் குனிந்து, திரும்பி, நிமிர்ந்து ஒரு காரின் வெறும் கூட்டைப் பற்றவைக்கின்றன. ஒரு கை கூரைத் தகட்டைத் தூக்கி வந்து, தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்துவிட்டு விலகுகிறது. மற்றவை பாய்கின்றன. பொறி சிதறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். நானும் பிளந்தேன். மனித மூளை செய்த அழகான காரியங்களில் அது ஒன்று. இயந்திரத்தைக் கண்டு ஒப்பாரி வைக்கும் கூட்டத்தில் எனக்கு இடமில்லை; முதுகை ஒடிக்கிற வேலை இரும்புக்குப் போவது நல்லதுதான். ஆனால் அழைத்துப்போகும் அதிகாரி ஒவ்வொரு முறையும் பெருமையாக ஒரு வாக்கியம் சொல்கிறார்: "இந்தப் பகுதியில் மனிதக் கையே படுவதில்லை."

பொய். சிதறிய பொறி எங்காவது விழத்தானே வேண்டும்? விழுந்து ஆறினால் அது கடுகளவு இரும்புக் குருணை. அள்ளாமல் விட்டால் காரைத் தாங்கும் பிடிகளுக்கு அடியில் சேர்ந்து, அடுத்த காரின் உடம்பு மயிரிழை கோணி நிற்கும். ஆகவே தேநீர் இடைவேளைக்கு உற்பத்தி லைன் நிற்கும்போது இரண்டு பெண்கள் முறமும் பிரஷ்ஷுமாகக் கூண்டுக்குள் போகிறார்கள். ஒருவர் சம்பூர்ணம், இன்னொருவர் மாலூர்ப் பக்கத்துச் சந்திரம்மா. "கடுகு அள்ளப் போறோம்" என்பது அவர்கள் வழக்கு. வயிறு தரையில் படும்படி படுத்து, காரைத் திருப்பும் சுழல்மேடைக்கு அடியில் கையை விட்டு அள்ள வேண்டும். பார்வையாளர்கள் அந்த நேரத்தில் பிஸ்கட் சாப்பிட அடுத்த அறைக்கு அழைத்துப்போகப்படுகிறார்கள்.

சம்பூர்ணத்துக்கு ரோபோக்களின் மேல் பயம் உண்டு, பக்தி கிடையாது. கூண்டைச் சுற்றித் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நேரம் கிடைக்கும்போதெல்லாம் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். கூரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்பது "மாப்ள". கதவு விளிம்பில் பசையை இழுத்துக்கொண்டே போவது "மருதாணி". ஒரே காரின் மேல் குனிந்து பற்றவைக்கும் நான்கும் "சக்களத்திங்க".

"ஒரே புருசன் மேல நாலு பேரும் வுழுந்துகினு கீறாளுங்க பாரு. ஒருத்திய ஒருத்தி இடிக்கவே மாட்டாளுங்க. அதான் அது மெசினு, நாம மனுசி" என்றார் ஒருமுறை, நான் அனுமதி வாங்கிக் கீழே இறங்கி நின்றபோது.

சந்திரம்மா முறத்தால் அவரை இடித்தார். "சும்னே இரக்கா, சார் எழுதிக்கிறாரு."

"எழுதட்டும், எனுக்கு இன்னா?"

மே மாதத்தில் ரோபோக்களுக்கு ஜுரம் வரும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். அது சென்சார் சூடாகி நிற்பது என்று விளக்கினேன். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். இந்தத் தொழிற்சாலைக் கார் ஒன்று சாலையில் போனால், வேனிலிருந்து கையை நீட்டி "நம்ம வண்டி போவுது" என்று கத்துவார். அதன் விலை ஒரு லட்சம் என்பது அவர் எண்ணம். திருத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நிற்கும் ரோபோ ஓய்ந்துபோன ரோபோ அல்ல. அடுத்த தகடு வரும்வரை அசையாமல் காத்திருக்கும். வந்த நொடியில் பாயும். குறுக்கே இருப்பது தகடா தலையா என்று அது பார்ப்பதில்லை. இதற்காக ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கூண்டுக் கதவின் பக்கத்தில் மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடி ஒன்று. அதில் பல துளைகள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் கைப்பிடியைக் கீழே தள்ளி, தன் சொந்தச் சிவப்புப் பூட்டை ஒரு துளையில் மாட்டிப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு போக வேண்டும். பூட்டில் அவர் புகைப்படமும் பெயரும் இருக்கும். கடைசி ஆள் வெளியே வந்து கடைசிப் பூட்டைக் கழற்றும்வரை, பிரதமரே வந்து சொன்னாலும் ரோபோ அசையாது. கடவுளையும் மேலதிகாரியின் நல்ல மனத்தையும் நம்பாமல், இரும்பை நம்பிச் செய்த ஏற்பாடு. யோசித்தவருக்கு வணக்கம்.

ஆனால் சிவப்புப் பூட்டு நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும். சம்பூர்ணமும் சந்திரம்மாவும் மேஸ்திரி நாராயணசாமியின் ஒப்பந்த ஆட்கள். அவர்கள், கூடவரும் டெக்னீஷியன் மதியழகனின் பூட்டை நம்பி உள்ளே போக வேண்டும். அவர் ஞாபகமாகத் தலைகளைப் பார்த்துவிட்டுக் கழற்றினால் உயிர் பிழைக்கலாம்.

ஏன் இவர்களுக்குப் பூட்டு இல்லை என்று ஷிப்ட் இன்ஜினியர் சுந்தரராமனிடம் கேட்டேன். கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நானும் மேல கேட்டுப் பாத்துட்டேன் சார். லீகல்ல வேண்டாங்கறா. கம்பெனி பூட்டுல அந்தம்மா போட்டோவ ஒட்டிக் குடுத்தா, நாளைக்கு அதையே கோர்ட்ல காமிச்சு, நான் இந்தக் கம்பெனி ஆள்தான்னு கேஸ் போட்டுடுவாளாம். என்னை என்ன பண்ணச் சொல்றேள்?"

திரும்ப ஒருமுறை படியுங்கள். உயிரைக் காக்கும் ஒரு பொருள், வேலைக்கு உரிமை கேட்கும் சாட்சியாகிவிடும் என்பதால் மறுக்கப்படுகிறது. இதை யோசித்தவரும் நன்றாகப் படித்தவராகத்தான் இருப்பார்.

பித்தளைப் பூட்டு வந்தது போன ஆயுத பூசைக்கு மறுநாள். அந்தப் பூசையை நான் பார்க்கவில்லை. சந்திரம்மா சொல்லித்தான் தெரியும். மஞ்சள் கைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கணக்கு பிசகாமல் நகரும்படி மனிதன் கட்டளை எழுதிவைத்த இயந்திரத்திடமே, கணக்கு பிசகாமல் நகரும்படி வேண்டித் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும். கூண்டுக்குள் ஆரத்தி காட்ட ஒரு புரோகிதரை அழைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர் யாரானாலும் பூட்டுப் போட வேண்டும் அல்லவா? 'விருந்தினர்' என்று எழுதிய சிவப்புப் பூட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, எப்படி மாட்டுவது என்று சுந்தரராமனே சொல்லிக்கொடுத்தாராம். புரோகிதர் பூட்டிவிட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு உள்ளே போனார்.

தங்கவயலின் பல தமிழ்க் குடும்பங்களைப் போலச் சம்பூர்ணத்தின் குடும்பமும் பௌத்தக் குடும்பம். பூசையில் கும்பிடமாட்டார், சுண்டலுக்காக நிற்பார். அன்று சுண்டலையும் வாங்காமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"கற்பூரத் தட்டோட போன ஐயருக்கு உசுரு கீது. முறத்தோட போற எனுக்கு இன்னா, பேட்டரியா கீது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் என்றார் சந்திரம்மா.

மறுநாள் வீட்டுப் பூட்டு கூண்டுக் கதவில் தொங்கியது. மதியழகன் பார்த்துவிட்டு, தன் சிவப்புப் பூட்டை அதன் பக்கத்துத் துளையில் மாட்டினார். உள்ளே போகும்போது மாட்டி, வரும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதால் மேலே யாருக்கும் தெரியவில்லை.

தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒருநாள், இந்த யோசனை எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"யோசன இன்னா யோசன? எங்க நைனா கெணத்துல எறங்குறதுக்கு முன்னால பில்லைய ஆணியில மாட்டிட்டுத்தான் எறங்குவாரு." கிணறு என்று அவர் சொல்வது தங்கச் சுரங்கத்தின் ஆழ்குழி, பில்லை என்பது எண் வெட்டிய பித்தளை வில்லை. "ஷிப்ட் முடிஞ்சி ஆணியில பில்ல தொங்கினா ஆளு கீழ கீறான்னு அர்த்தம். யாருதுன்னு பாக்காம மேல ஒருத்தனும் வூட்டுக்குப் போவ மாட்டான்."

"அப்போ சுரங்கத்தில் தொழிலாளியை நன்றாகத்தான் நடத்தினார்கள் என்கிறீர்களா?"

கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாவா? நெஞ்செல்லாம் கல்லுத் தூளு ரொம்பி, மூச்சு வுட முடியாமத்தான் செத்தாரு எங்க நைனா. அந்தக் கெணத்த நெனச்சி நான் ஒருநாளும் அழுவல. ஆனா எண்ணினாங்க, சார். சாவறவனையும் எண்ணினாங்க. இங்க நான் உள்ள கீறனா வெளிய கீறனான்னு எவனுக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்பது ஜனவரி கடைசியில் நிரூபணமாயிற்று. மூவரிடம் தனித்தனியாகக் கேட்டதை வைத்து எழுதுகிறேன்.

அன்று லைன் பின்தங்கியிருந்தது. இடைவேளையைப் பாதியில் முடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. சந்திரம்மா இரண்டு முறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளியே கொண்டுவந்தார். இரண்டு முறம் வந்ததைப் பார்த்த மதியழகன், இரண்டு ஆளும் வந்தாயிற்று என்று எண்ணித் தன் சிவப்புப் பூட்டைக் கழற்றினார். கைப்பிடியை மேலே தள்ளினார். நகரவில்லை. மறுபடி தள்ளினார். அப்போதுதான் ஓரத்துத் துளையில் பித்தளைப் பூட்டு தொங்குவதைக் கண்டார். சம்பூர்ணம் சுழல்மேடைக்கு அடியில் படுத்து, உள்மூலையில் சிக்கிய குருணையைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். தலைக்கு நேர்மேலே நான்கு சக்களத்திகளும் காத்திருந்தன.

சுந்தரராமன் ஓடிவந்தார். "யார் பூட்டுய்யா இது? கம்பெனி பூட்டே இல்லையே. கட்டர் எடுத்துண்டு வந்து வெட்டு!"

மதியழகன் கட்டர் எடுக்கப் போகவில்லை. தரையில் குந்தி, கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்துக் கத்தினார். "யக்கா!"

"கூவாத. வந்துகினுதான் கீறேன்."

தலை, தோள், பிறகு முழு உடம்பு என்று சம்பூர்ணம் வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. ரவிக்கைக்குள்ளிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். மதியழகன் கைப்பிடியை மேலே தள்ள, மஞ்சள் கைகள் உடனே அசையத் தொடங்கின.

"லைன் ஒரு நிமிஷம் நின்னா எவ்வளவு நஷ்டம் தெரியுமாம்மா ஒனக்கு?" என்றார் சுந்தரராமன்.

"தெரியாது சார். நான் நின்னா எவ்ளோ நஷ்டம்? அது தெரியுமா ஒங்களுக்கு?"

பதில் அன்று மாலையே மேஸ்திரி நாராயணசாமி வழியாக வந்தது. அங்கீகாரமில்லாத பொருளை உற்பத்திப் பகுதிக்குள் கொண்டுவந்து லைனை நிறுத்தியது குற்றம். நாராயணசாமி பழைய அல்சூர்க்காரர். வேனின் முன்சீட்டில் இருந்தபடி, திரும்பாமலேயே கேட்டார்.

"பூட்டு வோணுமா, வேல வோணுமா? ரெண்டுல ஒண்ண சொல்லு சம்பூர்ணம்."

"ரெண்டும் வோணும் மேஸ்திரி."

"ஏய், தமாசு பண்ணாத. ஒன்னால என் கான்ட்ராக்டே போயிடும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிகினு போம்மா. இத்தினி வருசமா எவளும் சாவல இல்ல?"

"ஒருத்தி செத்தப்புறம் குடுப்பீங்களா? சொல்லு, அந்த ஒருத்தி யாருன்னு இப்பவே பேசி முடிச்சிடலாம்."

வேனில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வாடகை இருக்கிறது. சிலிண்டர் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் சம்பூர்ணம் வேலைக்குப் போனார். காவலாளி சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார். பூட்டு இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் வீடு ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? போட்டோவும் போடு. பூட்டுலதான் என் மூஞ்சி வர்ல, ஒங்க புக்குலயாச்சும் வரட்டும்" என்றார். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்றேன். "அப்பவும் இதே மூஞ்சிதான்." பெயரை அவர் விருப்பப்படியே போட்டிருக்கிறேன். மதியழகனின் பெயரையும் அவரை அடையாளம் காட்டும் விவரங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கீழே விளங்கும்.

கடந்த சனிக்கிழமை மறுபடி கண்ணாடி மாடத்தில் நின்றேன். இடைவேளை மணி அடித்து ரோபோக்கள் நின்றன. பார்க்க இனி ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் பிஸ்கட் அறைக்கு நகர்ந்தார்கள். கீழே மதியழகன் கைப்பிடியை இறக்கித் தன் பூட்டை மாட்டிப் பூட்டினார். சந்திரம்மா முறத்தோடு கதவருகே வந்தார். சம்பூர்ணம் கதவைத் தாண்டவில்லை. இந்தப் பக்கமே நின்று, மதியழகன் முகத்துக்கு நேரே வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார். கண்ணாடிக்கு இப்பால் பேச்சு கேட்காது. அவர் உதடு அசைந்ததாகவும் தெரியவில்லை.

சாவியை இன்னொருவரிடம் தருவது அந்தத் தொழிற்சாலையில் வேலைநீக்கம் வரை போகக்கூடிய குற்றம். மதியழகன் நிரந்தரத் தொழிலாளி. ஆனேக்கலில் பாதி கட்டிய வீடு இருக்கிறது. அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மேலே மாடத்தையும் பார்த்தார். என்னைக் கண்டாரா என்று தெரியாது. பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிச் சாவியை அந்தக் கையில் வைத்தார். சம்பூர்ணம் விரல்களை மூடினார். மூடிய கையோடு குனிந்து உள்ளே போனார். அவர் வெளியே வந்து அந்தக் கை திறக்கும்வரை எதையும் யாராலும் ஓட்ட முடியாது. சாவி இல்லாத மதியழகன் கதவருகே வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

இதை வாசிப்பவர்களில் தொழிற்சாலைக்காரர்கள் பலர் இருப்பீர்கள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு கேட்டுச் சங்கத்தில் பேசுங்கள், நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அது கிடைக்கும்வரை, உங்கள் பூட்டை நம்பி யாராவது குனிந்து உள்ளே போனால், அவர் கையை நீட்டும்வரை காத்திருக்காதீர்கள். சாவியை நீங்களே கொடுங்கள்.